அமெரிக்க அதிபர் கையெழுத்துப் போட்டா எல்லாம் முடிஞ்சுதா? – விவாதம்

வைகைக்கரை:
எந்தத் திரியைத் திறந்தாலும் ‘டிரம்ப் ஒரு கையெழுத்துப் போட்டார், முடிஞ்சுது’ன்னுதான் எழுதுறாங்க. ஒபாமா, பைடன் காலத்துலயும் இதே பேச்சுதான். நம்ம ஊர்ல பிரதமருக்கு மெஜாரிட்டி இருந்தா மசோதா பாஸ் ஆகிடும், அதைப் பார்த்துப் பழகினதால அங்கயும் அப்படித்தான்னு நினைச்சுக்கறோம். என்னைக் கேட்டா, உள்நாட்டு விஷயத்துல நம்ம பிரதமரை விட அமெரிக்க அதிபருக்கு அதிகாரம் கம்மி. அவர் சட்டம் போட முடியாது, காங்கிரஸ் ஒதுக்காத காசை எடுக்க முடியாது, மந்திரியை நியமிக்கவே செனட் சம்மதிக்கணும். (காங்கிரஸ்னா கட்சி இல்லீங்க, அவங்க பார்லிமென்ட். 435 பேர் ஹவுஸ், 100 பேர் செனட்.)

ஒரு உதாரணம் போதும். 2017-ல அதிபர், ஹவுஸ், செனட் மூணுமே டிரம்போட ரிபப்ளிகன் கட்சி கையில. ஒபாமாகேர் இன்ஷூரன்ஸ் சட்டத்தை ஒழிப்போம்னு ஏழு வருஷமா சொல்லிட்டு வந்த கட்சி. ஜூலை 28 ராத்திரி ஒன்றரை மணி இருக்கும், செனட்ல ஓட்டெடுப்பு. மூளைல கேன்சர்னு அப்பதான் கண்டுபிடிச்சிருந்த ஜான் மெக்கெயின் நடந்து வந்து கிளார்க் மேஜை முன்னாடி நின்னு கையை நீட்டி கட்டை விரலைக் கீழ பார்த்து இறக்கினார், பக்கத்துலயே அவர் கட்சியோட செனட் தலைவர் மெக்கானல் கையைக் கட்டிட்டு நிக்கிறார். 49-51. மசோதா காலி. அதே கட்சில சூசன் காலின்ஸ், லிசா முர்கவ்ஸ்கி ரெண்டு பேரும் ஏற்கனவே எதிர்த்தாச்சு. மூணு பேர் பதவியும் போகல. நம்ம ஊர்ல கொறடா உத்தரவை மீறினா 1985 கட்சித் தாவல் சட்டத்துல எம்பி பதவியே பறிபோகும். அங்க அப்படி ஒரு சட்டமே கிடையாது.

டெக்சாஸ் தமிழன்:
வைகைக்கரை அண்ணே, நீங்க சொல்றது எல்லாம் புத்தகத்துல சரி. நான் இங்க எச்1பி வேலை விசாவுல இருக்கேன். 2025 செப்டம்பர் 19 வெள்ளிக்கிழமை, அதிபர் ஒரு பிரகடனத்துல கையெழுத்துப் போடறார், எச்1பிக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம்னு. ஞாயித்துக்கிழமை ஆரம்பிக்கிறப்பவே அமலுக்கு வருதுன்னாங்க. யாருக்குப் பொருந்தும், ஏற்கனவே விசா வச்சிருக்கறவன் வெளிய போனா திரும்ப வரும்போது கேப்பாங்களான்னு யாருக்கும் தெரியல, லீவுக்கு ஊருக்குப் போனவங்க கல்யாணத்தை விட்டுட்டு ஏர்போர்ட்டுக்கு ஓடினாங்க, கம்பெனிகளே உடனே திரும்பி வாங்கன்னு மெயில் அனுப்புச்சு. புது விண்ணப்பத்துக்கு மட்டும்தான்னு விளக்கம் சனிக்கிழமைதான் வந்துச்சு. இதுல ஹவுஸ் எங்க, செனட் எங்க? ஒருத்தர் கையெழுத்து, அவ்வளவுதான். அதிகாரம் கம்மின்னு இந்த ஊர்ல உக்காந்திருக்கற எங்ககிட்ட சொல்லாதீங்க, அந்த ராத்திரி நாங்க தூங்கல.

வைகைக்கரை:
தம்பி, அந்தப் பதட்டம் எனக்கும் புரியுது, என் அக்கா பையனும் அங்கதான் இருக்கான். ஆனா அந்தக் கையெழுத்துக்கு அதிகாரம் எங்கருந்து வந்துச்சுன்னு பாருங்க. 1952 குடியேற்றச் சட்டத்துல 212(எஃப்)னு ஒரு பிரிவு, நாட்டு நலனுக்குக் கெடுதல்னு தோணினா எந்த வகை வெளிநாட்டுக்காரங்க வரவையும் அதிபர் நிறுத்தி வைக்கலாம்னு காங்கிரஸே எழுதிக் கொடுத்தது. கொடுத்தவங்க நினைச்சா திரும்ப எடுக்கலாம். கட்டணம் போட அந்தப் பிரிவு இடம் தருதான்னு கோர்ட்லயும் கேஸ் போட்டுட்டாங்க. வருஷத்துக்கு இத்தனை எச்1பிங்கிற எண்ணிக்கையை அவர் தொட முடியுமா? 65,000, அதோட அமெரிக்காவுல மாஸ்டர்ஸ் முடிச்சவங்களுக்கு 20,000. அது சட்டத்துல இருக்கற நம்பர். ஒண்ணு கூட்டணும்னாலும் காங்கிரஸ்தான்.

டெக்சாஸ் தமிழன்:
‘கொடுத்தவங்க நினைச்சா திரும்ப எடுக்கலாம்’ – இந்த ஒரு வரிலதான் அண்ணே எனக்கும் உங்களுக்கும் சண்டையே. எடுக்க முடியாது. 2019-ல என்ன ஆச்சுன்னு பாருங்க. மெக்சிகோ பார்டர் சுவருக்கு டிரம்ப் 570 கோடி டாலர் கேட்டார். காங்கிரஸ் கொடுக்கல. காசு ஒதுக்கற மசோதா பாஸ் ஆகாம 35 நாள் அரசாங்கமே ஷட்டவுன், எட்டு லட்சம் அரசு ஊழியருக்குச் சம்பளம் இல்ல. கடைசில 137.5 கோடிதான் கொடுத்தாங்க. நீங்க சொல்ற கணக்குப்படி கதை இங்க முடியணும். பிப்ரவரி 15 அவர் என்ன செஞ்சார்? நேஷனல் எமர்ஜென்சி அறிவிச்சு ராணுவக் கட்டுமானத்துக்கு ஒதுக்கின காசுலருந்து 360 கோடியைச் சுவருக்குத் திருப்பறேன்னுட்டார். எமர்ஜென்சி செல்லாதுன்னு ஹவுஸ் 245-182, செனட் 59-41ன்னு ஓட்டுப் போட்டாங்க, செனட்ல அவர் கட்சி ஆளுங்களே 12 பேர் எதிர்த்தாங்க. மறுநாளே அதிபர் வீட்டோ பண்ணி நிராகரிச்சுட்டார். வீட்டோவை மீற மூணுல ரெண்டு பங்கு வேணும், ஹவுஸ்ல 248-181தான் கிடைச்சுது, பத்தல. ரெண்டு சபையிலயும் மெஜாரிட்டி ‘வேண்டாம்’னு சொல்லியும் அந்த எமர்ஜென்சி அப்படியே தொடர்ந்துச்சு. இதை என்னன்னு சொல்வீங்க?

திருச்சி வக்கீல்:
டெக்சாஸ் தம்பி சொன்ன இடம்தான் இந்த விவாதத்துல முக்கியமான முடிச்சு, அது எப்படி விழுந்துச்சுன்னு யாரும் பேசறதில்ல, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

1976-ல நேஷனல் எமர்ஜென்சி சட்டம் போடும்போது காங்கிரஸ் ஏமாந்து போய் எழுதிக் கொடுக்கல. அதுக்கு முன்னாடி அதிபரா இருந்த நிக்சன் காலத்துல சூடு பட்டவங்க அவங்க. அதிபர் எமர்ஜென்சி அறிவிக்கட்டும், ஆனா ரெண்டு சபையும் சாதாரண மெஜாரிட்டில தீர்மானம் போட்டா அது முடிஞ்சுது, அதிபர் கையெழுத்தே தேவையில்லைன்னு ஒரு பிரேக் வச்சுதான் கொடுத்தாங்க. 1983-ல ஐஎன்எஸ் (குடியேற்றத் துறை) எதிர் சாதான்னு ஒரு வழக்கு. கென்யாவுல பிறந்து மாணவர் விசாவுல வந்த சாதாங்கிறவரை நாடு கடத்தலாமா வேண்டாமாங்கிற கேஸ். கீழ உள்ள அதிகாரி இருக்கட்டும்னு விட்டுட்டார், ஹவுஸ் மட்டும் தனியா தீர்மானம் போட்டு அதை ரத்து பண்ணிச்சு. சுப்ரீம் கோர்ட், அப்படிப் பண்ணக்கூடாது, சட்டத்தோட பலன் வேணும்னா ரெண்டு சபையும் பாஸ் பண்ணி அதிபர் மேஜைக்கு அனுப்பித்தான் ஆகணும்னு தீர்ப்பு கொடுத்துச்சு. கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா அதே மாதிரி பிரேக் வச்சிருந்த சட்டங்கள்ல எல்லாம் பிரேக் கழண்டுச்சு, கொடுத்த அதிகாரம் மட்டும் அப்படியே நிக்குது. 1985-ல எமர்ஜென்சி சட்டத்தைத் தீர்ப்புக்கு ஏத்த மாதிரி திருத்தினாங்க. அதுலருந்து நிறுத்தணும்னா வீட்டோவைத் தாண்டணும், அதாவது மூணுல ரெண்டு பங்கு. அறிவிக்க ஒருத்தர் போதும், நிறுத்த ஹவுஸ்ல 290 பேரும் செனட்ல 67 பேரும் வேணும்.

1979 நவம்பர்ல ஈரான் பணயக் கைதிகள் பிரச்சினைக்காக ஜிம்மி கார்ட்டர் அறிவிச்ச எமர்ஜென்சியை ஒவ்வொரு வருஷமும் புதுப்பிச்சுட்டே வர்றாங்க. பணயக் கைதிகள் 1981-லயே வீடு வந்து சேர்ந்துட்டாங்க.

வைகைக்கரை:
வக்கீல் சார், பிரேக் கழண்டது உண்மைதான், அதை நான் மறுக்கல. ஆனா வண்டி ஓட்டறவர் ஒருத்தர் மட்டும் இல்லையே சார், கோர்ட்னு ஒண்ணு இருக்கே! 1952-ல கொரியப் போர் நடக்குது, ஸ்டீல் தொழிலாளர்கள் ஸ்டிரைக் பண்ணப் போறாங்க, குண்டு செய்ய ஸ்டீல் இல்லாமப் போயிடும்னு ட்ரூமன் ஏப்ரல் 8 ராத்திரி ஸ்டீல் மில்களை அரசு எடுத்துக்கும்னு உத்தரவு போட்டார். ஜூன் 2-ல சுப்ரீம் கோர்ட் 6-3ல அடிச்சுப் போட்டுது. அந்த ஒம்பது ஜட்ஜும் ரூஸ்வெல்ட்டோ ட்ரூமனோ நியமிச்சவங்க, ரெண்டு பேருமே டெமாக்ரட். ட்ரூமன் தானே நியமிச்ச நாலு பேர்ல ரெண்டு பேர் அவருக்கு எதிரா எழுதினாங்க. போர் நடக்கும்போது சார்! அன்னைக்கே மில்களைத் திருப்பிக் கொடுத்தார்.

பழசுன்னு சொல்வீங்க. 2023 ஜூன் 30 பாருங்க, பைடன் மாணவர் கடன் சுமார் 40,000 கோடி டாலர் தள்ளுபடின்னு அறிவிச்சதை அதே 6-3ல ரத்து பண்ணாங்க. ரெண்டு கட்சி அதிபருக்கும் அடி விழுந்திருக்கு.

டெக்சாஸ் தமிழன்:
அண்ணே ட்ரூமனைச் சொல்றீங்க, அதுக்கு பத்து வருஷம் முன்னாடி என்ன நடந்துச்சு? 1942 பிப்ரவரி 19, ரூஸ்வெல்ட் 9066ங்கிற எக்ஸிக்யூட்டிவ் ஆர்டர். மேற்குக் கடற்கரைல இருந்த ஜப்பானிய வம்சாவளி மக்கள் சுமார் 1,20,000 பேரை வீடு, கடை, நிலம் எல்லாத்தையும் விட்டுட்டு முள்கம்பி போட்ட முகாமுக்கு அனுப்பினாங்க. அதுல பெரும்பாலானவங்க அமெரிக்கக் குடிமக்கள், அங்கயே பிறந்தவங்க. ஒருத்தர் மேலயும் தனியா குற்றச்சாட்டு இல்ல. உங்க சுப்ரீம் கோர்ட் 1944-ல கொரெமட்சு வழக்குல 6-3ல சரின்னுதான் சொல்லுச்சு. மன்னிப்புக் கேட்டு ஆளுக்கு 20,000 டாலர் கொடுக்கச் சட்டம் வந்தது 1988-ல, நிறையப் பேர் செத்துப் போன பிறகு. வெளிநாட்டுக்காரனா இந்த மண்ணுல வாழறவனுக்கு ஸ்டீல் மில் கேஸ் நிம்மதி தராதுண்ணே, கொரெமட்சுதான் ஞாபகம் வரும்.

மலர்விழி:
ரெண்டு பேர் எழுதறதையும் படிச்சுட்டே இருக்கேன், எனக்கு ஒண்ணு சொல்லணும். நானும் என் வீட்டுக்காரரும் நியூ ஜெர்சில பல வருஷமா இருக்கோம், அவர் எச்1பி, நான் அவரைச் சார்ந்து வந்த எச்4 விசா. எங்க வாழ்க்கையே இந்த அரசாங்கப் பாடத்துல மாட்டிக்கிட்டிருக்கு.

எச்4ல இருக்கறவங்களுக்கு வேலை செய்ய அனுமதி 2015 மே மாசம் வந்துச்சு. அது சட்டம் இல்ல, ஒபாமா நிர்வாகம் போட்ட விதி. நான் திரும்ப வேலைக்குப் போனது அதனாலதான். டிரம்ப் முதல் தடவை வந்தப்போ இதை எடுத்துடப் போறோம்னு அறிவிச்சாங்க, ஆறு மாசத்துக்கு ஒருமுறை வர்ற, மாத்தப் போற விதிகளோட பட்டியல்ல இது இருக்கும், எப்ப போகுமோன்னே வேலை பார்த்தேன். ஆனா கடைசி வரை எடுக்கல. விதியை எடுக்கணும்னாலும் முறையா நோட்டீஸ் விட்டு, மக்கள் கருத்து வாங்கி, காரணம் எழுதணும், 1946-லருந்து அப்படி ஒரு சட்டம் இருக்கு. சின்ன வயசுல உரிய ஆவணம் இல்லாம வந்தவங்களை நாடு கடத்தாம விடற டாக்கா (DACA) திட்டத்தை ஒரேயடியா நிறுத்தினப்போ, காரணம் ஒழுங்கா சொல்லலன்னு சுப்ரீம் கோர்ட் 2020-ல 5-4ல தடுத்துச்சே, அதுவும் இதே அடிப்படைதான்.

இன்னொரு பக்கம் கிரீன் கார்டு. வேலை அடிப்படைல வருஷத்துக்கு 1,40,000, அதுல எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல கூடாது. குட்டி நாட்டுக்கும் அதே 7, இந்தியாவுக்கும் அதே 7. இது காங்கிரஸ் போட்ட சட்டம், எந்த அதிபர் கையெழுத்தும் இதை மாத்தாது. மாத்தறதுக்கு 2019 ஜூலைல ஹவுஸ்ல மசோதா வந்துச்சு, 365-65ல பாஸ். ரெண்டு கட்சியும் சேர்ந்து ஓட்டுப் போட்டுது! நாங்க எல்லாம் அன்னைக்கு ஸ்வீட் வாங்கினோம். அப்புறம் செனட். அங்க ஒருத்தர் ஆட்சேபம்னு சொன்னா போதும், அவசர வழில போக முடியாது. ஒருத்தரைச் சமாதானம் பண்ணா இன்னொருத்தர். 2020 டிசம்பர்ல செனட்டும் பாஸ் பண்ணிச்சு, ஆனா வாசகம் வேற. ரெண்டு வாசகத்தையும் ஒண்ணாக்கறதுக்குள்ள அந்தக் காங்கிரஸோட காலம் முடிஞ்சு போச்சு, மசோதா செத்துப் போச்சு. ஜனவரில புது காங்கிரஸ், திரும்ப ஒண்ணுலருந்து.

என் பொண்ணுக்கு 21 ஆனா எங்க கிரீன் கார்டு வரிசைலருந்து அவ பேர் போயிடும், இந்த ஊர்லயே வளர்ந்தவ தனியா மாணவர் விசா எடுக்கணும், இல்ல கிளம்பணும். அதனால அதிபருக்கு அதிகாரம் ஜாஸ்தியா கம்மியான்னு நீங்க சண்டை போடறப்போ, எங்களைப் பயமுறுத்தறதுக்கு அவருக்கு நிறைய இருக்கு, எங்களுக்கு விடிவு கொடுக்கறதுக்கு எவருக்குமே இல்லைன்னுதான் எனக்குத் தோணுது.

திருச்சி வக்கீல்:
மேடம், கடைசி வரில நீங்க சொன்னதை நான் பத்துப் பக்கம் எழுதினாலும் இவ்வளவு தெளிவா சொல்லியிருக்க மாட்டேன்.

புதுவாசகன்:
மலர்விழி அக்கா சொன்னதைப் படிச்சு மனசு கஷ்டமாயிடுச்சு. ஒரு சந்தேகம், செனட்ல 51 பேர் இருந்தா போதாதா? ஒருத்தர் ஆட்சேபம் சொன்னா ஏன் நிக்கணும்? 60 வேணும்னு எங்கயோ படிச்சேன், அது அரசியல் சாசனத்துல இருக்கா?

வைகைக்கரை:
சாசனத்துல இல்ல தம்பி. அது செனட் தனக்குத் தானே வச்சுக்கிட்ட விதி. மசோதா மேல பேச்சை முடிச்சு ஓட்டுக்குப் போகணும்னாலே 60 பேர் சம்மதிக்கணும், இல்லைன்னா பேசிட்டே இருக்கலாம், இப்பல்லாம் நின்னு பேசக்கூட வேண்டாம், தடுக்கறோம்னு சொன்னாலே போதும். ஃபிலிபஸ்டர்னு பேர். ஜட்ஜ், மந்திரி நியமனத்துக்கு இதை 2013, 2017ன்னு ரெண்டு தடவையா எடுத்துட்டாங்க, அதுக்கு 51 போதும். வரவு செலவு சம்பந்தப்பட்ட சில மசோதாக்களுக்கும் 51 போதும், நான் மேல சொன்ன மெக்கெயின் ஓட்டு அந்த வழிதான். ஆனா காசு சம்பந்தம் இல்லாததை அதுல நுழைக்க முடியாது. 2021-ல குறைந்தபட்சக் கூலி 15 டாலர்னு நுழைக்கப் பார்த்தாங்க, செனட்டோட விதி அதிகாரி இது பொருந்தாதுன்னு சொல்லிட்டாங்க.

இதை நான் குறையா பார்க்கல. 51 பேர் நினைச்சதெல்லாம் சட்டமாகி, அடுத்த தேர்தல்ல வேற 51 பேர் வந்து எல்லாத்தையும் கவிழ்த்தா நாடு தாங்காது.

டெக்சாஸ் தமிழன்:
இப்ப மட்டும் கவிழலையா? பைடன் முதல் நாளே டிரம்ப் போட்ட உத்தரவுகளை ரத்து பண்ணார், டிரம்ப் திரும்ப வந்த முதல் நாளே பைடன் உத்தரவுகளை ரத்து பண்ணார். சட்டம் போட வழியை அடைச்சதால எல்லாமே கையெழுத்துக்கு வந்து நிக்குது, அது நாலு வருஷத்துக்கு ஒருமுறை தலைகீழா புரளுது. நீங்க பாதுகாப்புன்னு சொல்ற 60தான் அதிபரைப் பெரிய ஆளாக்குது அண்ணே. காங்கிரஸால முடியலைன்னு தெரிஞ்சதும் ஜனங்களே ‘நீயாவது ஏதாவது பண்ணு’ன்னு அதிபரைப் பார்க்கறாங்க, அவரும் ஏதோ ஒரு பழைய சட்டத்தைத் தோண்டி எடுக்கறார்.

போர் விஷயம் இன்னும் மோசம். போர் அறிவிக்கற அதிகாரம் காங்கிரஸுக்குன்னு சாசனம் சொல்லுது. கடைசியா அறிவிச்சது 1942-ல. கொரியா, வியட்நாம் எதுவும் அறிவிச்ச போர் இல்ல. 2001 செப்டம்பர் தாக்குதல் முடிஞ்ச மூணாம் நாள் ராணுவத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அனுமதி கொடுத்து ஒரு தீர்மானம், செனட் 98-0, ஹவுஸ் 420-1. எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒரே ஆள் கலிஃபோர்னியாவோட பார்பரா லீ, இது வரம்பே இல்லாத காசோலைன்னு அன்னைக்கே எச்சரிச்சாங்க, கொலை மிரட்டல் வந்துச்சு. அந்தத் தீர்மானத்தை வச்சு புஷ், ஒபாமா, டிரம்ப்னு அடுத்தடுத்து வந்தவங்க ஆப்கானிஸ்தான் தாண்டி ஏமன், சோமாலியா, சிரியான்னு போனாங்க.

வைகைக்கரை:
போர் விஷயத்துல உங்ககூட நான் மல்லுக்கட்ட வரல, நான் முதல்லயே உள்நாட்டு விஷயம்னுதான் எழுதினேன். உள்நாட்டுல அதிபரைத் தடுக்கறது காங்கிரஸும் கோர்ட்டும் மட்டும் இல்ல, அம்பது மாநிலமும் இருக்கு. கஞ்சா மத்திய சட்டப்படி குற்றம், கொலராடோ 2012-ல ஓட்டெடுப்பு நடத்தி அனுமதிச்சுது, கடை போட்டு விக்கறாங்க. மத்திய சட்டத்தை அமல்படுத்துன்னு மாநில போலீஸுக்கு உத்தரவு போட முடியாதுன்னு 1997-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. தேர்தலை நடத்தறதே மாநிலங்கள்தான், நம்ம ஊர் மாதிரி ஒரே தேர்தல் கமிஷன் கிடையாது. 2021 ஜனவரி 2, அப்ப பதவில இருந்த அதிபர் டிரம்ப், தான் தோத்துப் போன ஜார்ஜியா மாநிலத்தோட தேர்தல் அதிகாரி பிராட் ராஃபன்ஸ்பெர்கருக்கு போன் போட்டு 11,780 ஓட்டு கண்டுபிடிக்கணும்கிறார். ஒரு மணி நேரத்துக்கு மேல பேச்சு. அந்த அதிகாரியும் ரிபப்ளிகன்தான், அதே டிரம்புக்கு ஓட்டுப் போட்டவர். முடியாதுன்னுட்டார். அதிபரால அவரை வேலையை விட்டுத் தூக்க முடியாது, ஏன்னா அவரைத் தேர்ந்தெடுத்தது ஜார்ஜியா மக்கள். ஒரே கையில எல்லாம் இருக்கற நாட்டுல இந்த போன் வேற மாதிரி முடிஞ்சிருக்கும் தம்பி.

டெக்சாஸ் தமிழன்:
ராஃபன்ஸ்பெர்கர் மேல எனக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனா அந்த போனுக்குப் பிறகு என்ன ஆச்சு? டிரம்ப் மேல இம்பீச்மென்ட், அதாவது பதவி நீக்க விசாரணை, ரெண்டாவது தடவை நடந்துச்சு, செனட்ல 57-43, தண்டிக்க 67 வேணும், பத்து குறைஞ்சுது. இதுவரைக்கும் ஒரு அதிபர் கூட அப்படிப் பதவி இழந்ததில்ல, 1868-ல ஆண்ட்ரூ ஜான்சன் ஒரே ஒரு ஓட்டுல தப்பிச்சார். 2024 ஜூலை 1-ல சுப்ரீம் கோர்ட் அதிபரோட முக்கிய அதிகாரச் செயல்களுக்கு அவர் மேல கிரிமினல் வழக்கே போட முடியாது, மத்த அலுவல் செயல்களுக்கும் பாதுகாப்பு இருக்குன்னு 6-3ல சொல்லிடுச்சு. நம்ம பிரதமருக்கு மெஜாரிட்டி போச்சுன்னா அடுத்த நாளே வீட்டுக்குப் போகணும், வாஜ்பாய் 1999-ல ஒரு ஓட்டுல ஆட்சியை இழந்தார். இங்க நாலு வருஷம் யாரும் அசைக்க முடியாது. அதிகாரம் யாருக்கு ஜாஸ்தின்னு நீங்களே சொல்லுங்க.

மலர்விழி:
அப்ப சரி பண்ண வழியே இல்லையா? வக்கீல் சார், அந்தக் கழண்ட பிரேக்கைத் திரும்ப மாட்ட முடியாதா?

திருச்சி வக்கீல்:
வழி இருக்கு மேடம். அதிபர் எமர்ஜென்சி அறிவிக்கட்டும், 30 நாளுக்குள்ள ரெண்டு சபையும் சம்மதிக்கலைன்னா அது தானா காலாவதி ஆகணும். இப்ப நிறுத்தறதுக்கு ஓட்டு வேணும், அப்ப தொடர்றதுக்கு ஓட்டு வேணும், பாரம் இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் மாறிடும். நான் மேல சொன்ன 1983 சாதா வழக்குத் தீர்ப்புக்கும் இது விரோதம் இல்ல. 2019-லயே யூட்டா செனட்டர் மைக் லீ இதை மசோதாவா கொண்டு வந்தார், அவரும் ரிபப்ளிகன்தான். ஆனா செனட்ல கடைசி ஓட்டெடுப்புக்கே அது வரல. சிக்கல் என்னன்னா எந்தக் கட்சி அதிபர் இருக்காரோ அந்தக் கட்சிக்கு அப்ப இது பிடிக்காது, எதிர்க்கட்சிக்கு 60 இருக்காது, பாஸ் ஆனாலும் வீட்டோ.

வைகைக்கரை:
காங்கிரஸ் சம்மதம் இல்லாம அதிபர் போரை நீட்டிக்கக்கூடாதுங்கிற 1973 போர் அதிகாரச் சட்டம் நிக்சன் வீட்டோவை மீறித்தானே சார் வந்துச்சு. முடியாததுன்னு இல்ல. ரெண்டாவது தடவை முடிக்கப் போற அதிபர், எந்தக் கட்சி ஜெயிக்கும்னு யாருக்கும் தெரியாத நேரம், அந்த மாதிரி சமயத்துல ரெண்டு கட்சிக்கும் பயம் இருக்கும், அப்பதான் இது நடக்கும்.

டெக்சாஸ் தமிழன்:
நடந்தா நான் முதல் ஆளா சந்தோஷப்படுவேண்ணே. ஆனா நிக்சன் மேல வாட்டர்கேட் ஊழல் நெருப்பு எரிஞ்சுட்டிருந்தப்போ கிடைச்ச மூணுல ரெண்டு பங்கு அது. அந்தச் சட்டத்தையும் 2011-ல லிபியாவுல குண்டு போட்டுட்டு இது ‘போர்ச் செயல்’ கணக்குல வராதுன்னு ஒபாமா தாண்டிட்டார். மலர்விழி அக்கா, உங்க தொகுதி ஹவுஸ் உறுப்பினர் ஆஃபீஸுக்கு ஒரு தடவை எழுதிப் பாருங்க, நமக்கு ஓட்டு இல்லைன்னாலும் தொகுதில வாழறவங்கங்கிற முறைல கேப்பாங்க, பொண்ணோட வயசு, வரிசைல எந்தத் தேதில நிக்கறீங்கன்னு ரெண்டையும் முதல் பத்தியிலயே எழுதிடுங்க. நான் என் தொகுதிக்கு இந்த வாரம் அனுப்பறேன்.